கிளினிக்குக்குள் ஒரு சிறிய லேப்: மெஷின் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

தினமும் நாற்பது நோயாளிகள் வருகிறார்கள், அதில் பதினைந்து பேருக்காவது ரத்தப் பரிசோதனை எழுதுகிறேன், கிளினிக்கிலேயே லேப் வைத்துவிடலாம் என்று நினைக்கிறேன், எந்த மெஷின் வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். மெஷின் கடைசிக் கேள்வி. எந்தப் பரிசோதனையை உள்ளே செய்வது, எதை வெளியே அனுப்புவது என்பதுதான் முதல் கேள்வி. இதைத் தீர்மானிக்காமல் விற்பனையாளரைக் கூப்பிட்டால், அவர் கையில் இருக்கும் மெஷினுக்கு ஏற்றபடி உங்கள் லேப் அமைந்துவிடும்.

கடந்த மூன்று மாதத்தில் நீங்கள் எழுதிய பரிசோதனைகளை எடுத்து ஒவ்வொன்றும் எத்தனை முறை வந்தது என்று எண்ணுங்கள். பிறகு ஒவ்வொன்றைப் பற்றியும் ஒரே ஒரு கேள்வி: முடிவு அரை மணி நேரத்தில் கையில் இருந்தால், நோயாளி வீட்டுக்குப் போகும் முன் நான் செய்யப்போவது மாறுமா? சர்க்கரை, ஹீமோகுளோபின், ரத்த அணு எண்ணிக்கை, சிறுநீர், கர்ப்பப் பரிசோதனை, கிரியேட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டுக்கு), சில நேரம் சிஆர்பி (அழற்சியைக் காட்டும் புரதம்) ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் 'ஆம்' என்ற பதில் வரும். தைராய்டு, வைட்டமின் அளவுகள், கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) ஆகியவற்றுக்கு 'இல்லை'. அவற்றை வெளியே அனுப்புவதில் நோயாளிக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

அடுத்தது கணக்கு. கிரியேட்டினின் ஒரு நாளைக்கு மூன்று பேருக்குத்தான் வருகிறது என்று வையுங்கள். ஒரு டெஸ்ட்டுக்கு 1 மி.லி. ரீஏஜென்ட் (வினைக் கரைசல்). ஆனால் அன்று காலையில் பிளாங்க் (வெறும் ரீஏஜென்ட்) ஒன்று, ஸ்டாண்டர்டு (மெஷினுக்கு அளவு கற்பிக்கும் கரைசல்) ஒன்று, கன்ட்ரோல் (விடை முன்பே தெரிந்த சோதனை மாதிரி) இரண்டு ஓட்ட வேண்டும். மூன்று நோயாளி முடிவுக்கு ஏழு மி.லி. போகிறது. அதே சர்க்கரை இருபது பேருக்கு என்றால் இருபத்து நான்கு மி.லி. போதும். '100 மி.லி. கிட், 100 டெஸ்ட்' என்று சொல்லி ஒரு டெஸ்ட்டின் அடக்க விலையைப் போட்டுக் காட்டுவார்களே, அந்தக் கணக்கில் கன்ட்ரோலும் இல்லை, திரும்பச் செய்வதும் இல்லை, பாட்டில் திறந்த பின் காலாவதியாகிக் கொட்டுவதும் இல்லை. நாளுக்கு இரண்டு மூன்று மட்டும் வரும் டெஸ்ட்டில் உண்மையான செலவு சொன்னதைப் போல இரண்டு மடங்கைத் தாண்டும். அப்போது கன்ட்ரோலை நிறுத்திவிடலாமே என்ற ஆசை வரும். சின்ன லேப்கள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். கன்ட்ரோல் ஓட்டக் கட்டுப்படியாகாத டெஸ்ட்டை உங்கள் லேப்பில் வைக்காதீர்கள். சோடியம், பொட்டாசியம் பார்க்கும் எலக்ட்ரோலைட் மெஷினும் இதே வகைதான். நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் அதன் எலக்ட்ரோடும் ரீஏஜென்ட் பேக்கும் தேய்ந்துகொண்டே இருக்கும்.

பதிவு, உரிமம், டெக்னீஷியனின் படிப்புத் தகுதி, மருத்துவக் கழிவு ஒப்பந்தம் ஆகியவற்றின் விதிகள் இடத்துக்கு இடம் வேறுபடும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இவற்றை விசாரித்துவிடுங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை மூன்றுக்கு நான்கு மீட்டர் அறை போதும். ரத்தம் எடுக்கும் நாற்காலி அந்த அறைக்குள் இருக்கக் கூடாது, வாசலுக்கு வெளியே தனி மூலையில் இருக்கட்டும். மேடையின் ஆழம் 75 செ.மீ. வேண்டும். மெஷினுக்குப் பின்னால் காற்றோட்டத்துக்கும் கழிவுக் குழாய்க்கும் இடம் விடாததால் சூடேறித் தவறும் மெஷின்கள் உண்டு. குழாய்களைச் சுழற்றி ரத்தத்தைப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜை, அளக்கும் மெஷினான அனலைசர் இருக்கும் மேடையில் வைக்காதீர்கள், அதிர்வு அளவீட்டைக் கலைக்கும். கை கழுவ ஒரு சிங்க், மற்றவற்றுக்கு இன்னொன்று. சீலிங் ஃபேன் வேண்டாம்: தூசி பறக்கும், ஸ்மியர் (கண்ணாடி ஸ்லைடில் தடவிய ரத்தம்) காய்வதும் ஒழுங்காக இருக்காது. அறை வெப்பநிலை 20 முதல் 25 டிகிரிக்குள் நிலையாக இருக்க வேண்டும். மின்சாரத்துக்கு ஆன்லைன் வகை யுபிஎஸ், தனி எர்த்திங். ஃப்ரிட்ஜையும் ஏசியையும் அனலைசரின் யுபிஎஸ்ஸில் மாட்டக் கூடாது.

ஃப்ரிட்ஜ் 2 முதல் 8 டிகிரிக்குள். கதவில் பொருத்தியிருக்கும் காட்டியை நம்பாமல், குறைந்தபட்சம் அதிகபட்சம் இரண்டையும் காட்டும் வெப்பமானியை உள்ளே வைத்துக் காலையும் மாலையும் எழுதுங்கள். ரீஏஜென்ட்டைக் கதவு அடுக்கில் வைத்தால் வெப்பம் ஏறி இறங்கும். பின்சுவரை ஒட்டி வைத்தால் உறைந்துபோகும். உறைந்து உருகிய ரீஏஜென்ட் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், வேலை செய்யாது.

தண்ணீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கன்ட்ரோல் கரைக்கவும், ரீஏஜென்ட் கலக்கவும், ஃப்ளோசெல் (மெஷினுக்குள் திரவம் நின்று படிக்கப்படும் சின்ன அறை) கழுவவும் அயனி நீக்கிய தண்ணீர் வேண்டும். பேட்டரிக்கு ஊற்ற விற்கும் தண்ணீரைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். கையில் பிடிக்கும் கடத்துதிறன் மீட்டர் ஒன்று வாங்கிக் கேனைத் திறக்கும்போதெல்லாம் பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு 1 மைக்ரோசீமென்ஸைத் தாண்டினால் அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம். கால்சியம் கன்ட்ரோல் காரணமில்லாமல் மேலே ஏறினால் முதலில் தண்ணீரைச் சந்தேகப்பட வேண்டும்.

இனி ரத்தம் எடுப்பது. லேப் பிழைகளில் பாதிக்கும் மேல் மெஷினுக்குள் ரத்தம் போவதற்கு முன்பே நடந்துவிடுகின்றன. டூர்னிக்கெட் (கையில் கட்டும் பட்டை) ஒரு நிமிடத்துக்கு மேல் இறுகியிருந்தால் புரதமும் அதோடு ஒட்டிப் போகும் கால்சியம், கொலஸ்ட்ரால் போன்றவையும் செறிந்து கூடும். 'கையை மூடி மூடித் திறங்க' என்று சொன்னால் பொட்டாசியம் ஏறும். சலைன் ஏறும் கையில் எடுக்கக் கூடாது. சிரிஞ்சில் எடுத்து, ஊசியைக் கழற்றாமல் குழாய்க்குள் பீய்ச்சினால் சிவப்பணுக்கள் உடையும். அப்போது பொட்டாசியமும், எல்டிஹெச், ஏஎஸ்டி என்ற நொதிகளும் பொய்யாக உயரும்.

குழாய்களை நிரப்பும் வரிசை முக்கியம் (பெயர்கள் உள்ளே இருக்கும் மருந்தைக் குறிப்பவை, சீரம் குழாயில் மட்டும் ரத்தம் உறையவிடப்படும்): சிட்ரேட், பிறகு சீரம் குழாய், ஹெப்பரின், இடிடிஏ, கடைசியில் ஃப்ளோரைடு. இடிடிஏ குழாயில் அதிகமாகிவிட்டது என்று கொஞ்சத்தைச் சீரம் குழாயில் ஊற்றும் வழக்கம் ஒன்று உண்டு. பார்த்தால் உடனே தடுத்து நிறுத்துங்கள். அதில் இருப்பது பொட்டாசியம் உப்பு. பொட்டாசியம் வானத்துக்குப் போகும், கால்சியமும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸும் தரைக்கு வரும். இந்த மூன்றும் சேர்ந்து ஒரே ரிப்போர்ட்டில் வந்தால், நோயாளியைத் தேடுவதற்கு முன் அந்தக் குழாயின் கதையைக் கேளுங்கள். சிட்ரேட் குழாயில் ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு மருந்து, அதாவது 1.8 மி.லி. ரத்தத்துக்கு 0.2 மி.லி. குறைவாக நிரப்பினால் ரத்தம் உறையும் வேகத்தைச் சொல்லும் ஐஎன்ஆர் கூடுதலாக வரும், உறையாமல் தடுக்கும் மருந்தான வார்ஃபரின் அளவைத் தேவையில்லாமல் குறைத்துவிடுவீர்கள்.

சர்க்கரைக் குழாயில் ஃப்ளோரைடு இருக்கிறதே, பிற்பகலில் பார்க்கலாம் என்று வைத்துவிடுகிறார்கள். பிரிக்காத ரத்தத்தில் அணுக்கள் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கும். ஃப்ளோரைடு அந்தச் சங்கிலியின் பின்பகுதியில் இருக்கும் ஈனோலேஸ் என்ற நொதியைத்தான் நிறுத்துகிறது. அதற்கு முன்னால் உள்ள படிகள் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே அரை மணிக்குள் சென்ட்ரிஃப்யூஜ் செய்து பிளாஸ்மாவைப் பிரிப்பதுதான் வழி. கிளினிக்குக்குள் லேப் வைப்பதன் உண்மையான லாபமே இதுதான், வெளியே அனுப்பும் குழாய்க்கு இந்த வேகம் கிடைக்காது. சீரம் குழாயோ நேர்மாறு: அதை அரை மணி நேரம் நிமிர்த்தி வைத்து முழுதாக உறையவிட வேண்டும். அவசரப்பட்டுச் சுற்றினால் சீரத்தில் ஃபைப்ரின் இழைகள் மிதந்து, உறிஞ்சும் குழாயை அடைக்கும். வெளியே அனுப்ப வேண்டிய பொட்டாசியம் மாதிரியைப் பிரிக்காமல் ஃப்ரிட்ஜில் வைப்பதும் தவறு. குளிரில் அணுக்களின் பம்ப் நின்று பொட்டாசியம் வெளியே கசியும். சீரம் சிவக்காது என்பதால் யாருக்கும் சந்தேகமும் வராது.

சென்ட்ரிஃப்யூஜை '3000-ல் வை' என்று சொல்லிக் கொடுப்பார்கள். சுழற்சி எண்ணிக்கையை மட்டும் சொன்னால் போதாது, ஆரமும் வேண்டும். 0.00001118 ஐ சென்டிமீட்டரில் அளந்த ஆரத்தாலும், நிமிடச் சுழற்சியின் வர்க்கத்தாலும் பெருக்கினால் ஜி விசை (புவியீர்ப்பைப் போல எத்தனை மடங்கு என்பது) வரும். 12 செ.மீ. ஆரத்தில் 3000 சுழற்சி என்பது சுமார் 1,200 ஜி. ஜெல் இல்லாத சீரம் குழாய்க்குப் பத்து நிமிடம் அது போதும். சிறுநீருக்கு அதே வேகத்தை வைத்தால் காஸ்ட்டுகள் (சிறுநீரகக் குழலில் உருவாகி வரும் அச்சுகள்) நொறுங்கிவிடும். சிறுநீருக்கு 400 ஜி, இதே மெஷினில் சுமார் 1,730 சுழற்சி, ஐந்து நிமிடம். 10 முதல் 12 மி.லி. எடுத்துச் சுற்றி, மேலே உள்ளதை ஊற்றிவிட்டு 0.5 மி.லி. மிச்சம் வைத்துக் கலக்கி ஸ்லைடில் பாருங்கள். இந்த அளவுகள் நாளுக்கு நாள் மாறினால், 'ஃபீல்டுக்கு 8 முதல் 10 பஸ் செல் (சீழணு)' என்பதற்கு ஒரு பொருளும் இல்லை. சிறுநீர் ஒரு மணி நேரத்துக்குள் பார்க்கப்பட வேண்டும், முடியாவிட்டால் ஃப்ரிட்ஜ். ஸ்ட்ரிப் டப்பாவை மூடாமல் வைத்தால் ஈரம் ஏறிப் பட்டைகள் கெடும். வைட்டமின் சி மாத்திரை சாப்பிடுபவருக்கு ஸ்ட்ரிப்பில் ரத்தமும் சர்க்கரையும் இல்லை என்று பொய் சொல்லும். கண்ணால் நிறம் பார்த்து வாசிப்பவருக்கு நிறப் பார்வைக் கோளாறு இல்லை என்பதை வேலைக்குச் சேர்க்கும்போதே சோதித்துக்கொள்ளுங்கள்.

மெஷினுக்கு வருவோம். நீங்கள் சொல்லும் எண்ணிக்கைக்கு ஒரு செமி ஆட்டோ பயோகெமிஸ்ட்ரி அனலைசர் (கலப்பது கையால், படிப்பது மெஷின்), மூன்று பிரிவு செல் கவுன்ட்டர் (வெள்ளணுக்களை மூன்று வகையாகப் பிரித்து ரத்த அணுக்களை எண்ணுவது), நல்ல மைக்ரோஸ்கோப், சென்ட்ரிஃப்யூஜ், 37 டிகிரி இன்குபேட்டர், இரண்டு மூன்று மைக்ரோ பிப்பெட்டுகள் (நுண்ணளவு திரவத்தை உறிஞ்சி விடுபவை) போதும். முழு ஆட்டோ மெஷின் இப்போதைக்கு விரலுக்கு மிஞ்சிய வீக்கம்.

செமி ஆட்டோவில் உண்மையான அளவுகோல் மெஷின் அல்ல, பிப்பெட் பிடிக்கும் கைதான். சர்க்கரைக்கு 1000 மைக்ரோலிட்டர் ரீஏஜென்ட்டில் 10 மைக்ரோலிட்டர் பிளாஸ்மா. ஒரு மைக்ரோலிட்டர் பிசகினால் முடிவு பத்து சதவீதம் பிசகும். டிப்பின் வெளியில் ஒட்டிய துளியைத் துடைக்காததே இதற்குப் போதும். முதல் முறை உறிஞ்சியதைத் திரும்ப விட்டு டிப்பை நனைத்த பிறகு அளவை எடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிப்பெட்டைத் தராசில் சோதியுங்கள்: 10 மைக்ரோலிட்டரைப் பத்து முறை விட்டால் தண்ணீரின் எடை கிட்டத்தட்ட 100 மி.கி. இருக்க வேண்டும். திரவம் உள்ள டிப்போடு பிப்பெட்டைப் படுக்க வைத்தால் உள்ளே போய் பிஸ்டனை அரிக்கும்.

சில டெஸ்ட்டுகளின் குணத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஜாஃபே என்ற நிற முறையில் பார்க்கும் கிரியேட்டினினில் கீட்டோன் இருந்தால் பொய்யாகக் கூடும், பிலிருபின் மிகுந்தால் பொய்யாகக் குறையும். கீட்டோஅசிடோசிஸில் (ரத்தத்தில் கீட்டோன் பெருகி அமிலமாகும் நிலையில்) வரும் நோயாளியின் கிரியேட்டினினை அப்படியே நம்ப வேண்டாம். கல்லீரல் நொதிகளான ஏஎல்டி, ஏஎஸ்டி டெஸ்ட்டுகள் 340 நானோமீட்டரில் உறிஞ்சல் குறைவதை அளப்பவை. கல்லீரல் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவரின் சீரத்தில், மெஷின் படிக்கத் தொடங்கும் முன்பே ரீஏஜென்ட் தீர்ந்துபோய், முடிவு 40, 50 என்று இயல்பாக வந்து நிற்கும். கண் மஞ்சளாக இருக்கிறது, ஏஎல்டி நார்மல் என்றால் சீரத்தைச் சலைனில் பத்து மடங்கு நீர்த்துத் திரும்ப ஓட்டுங்கள்.

கன்ட்ரோல்தான் இந்தப் பதிலின் மையம். இயல்பு அளவில் ஒன்று, நோய் அளவில் ஒன்று என இரண்டு கன்ட்ரோல், தினமும், முதல் நோயாளிக்கு முன்னால். பொடியாக வரும் குப்பியைக் கரைப்பதிலேயே பல பிழைகள் நடக்கும். 5 மி.லி. என்றால் வால்யூமெட்ரிக் பிப்பெட்டில் 5 மி.லி.; ஊசி சிரிஞ்சில் அல்ல. 0.1 மி.லி. கூடினால் எல்லா டெஸ்ட்டும் ஒன்றாக இரண்டு சதவீதம் இறங்கும். குலுக்காமல், நுரை வராமல் சாய்த்துச் சாய்த்துக் கரைத்து, அரை மணி நேரம் வெளிச்சம் படாமல் வைத்து, 0.5 மி.லி. வீதம் சின்னக் குழாய்களில் பிரித்து மைனஸ் 20-ல் வையுங்கள். உருக்கியதைத் திரும்ப உறையவிடக் கூடாது. தானாகப் பனி நீக்கும் வீட்டு ஃப்ரீசர் இதற்கு ஆகாது, அது பனி நீக்கும் போதெல்லாம் குழாய்கள் பாதி உருகும். குழாய்களை ஃபாயில் தாளில் சுற்றுங்கள், வெளிச்சத்தில் பிலிருபின் சிதையும்.

கன்ட்ரோலுடன் வரும் தாளில் உள்ள எல்லை, பல லேப்களுக்கும் பொருந்தும்படி அகலமாகப் போடப்பட்டது. அதை வைத்துக்கொண்டால் எப்போதும் 'உள்ளேதான் இருக்கிறது'. இருபது நாள் ஓட்டி, உங்கள் சொந்தச் சராசரியையும் நியமவிலகலையும் (சிதறலின் அளவு) கண்டுபிடியுங்கள். சர்க்கரைக் கன்ட்ரோலின் சராசரி 100, நியமவிலகல் 3 என்று வந்தால், 94 முதல் 106 வரை இரண்டு விலகல், 91 முதல் 109 வரை மூன்று. கட்டக் காகிதத்தில் கோடுகள் போட்டு ஒவ்வொரு நாளும் ஒரு புள்ளி வையுங்கள். 1950-ல் லெவியும் ஜென்னிங்ஸும் கொண்டுவந்த அதே வரைபடம்தான் இன்றைக்கும். படிக்கும் விதிகளை 1981-ல் வெஸ்ட்கார்டு தொகுத்தார். உங்களுக்கு இவ்வளவு போதும்: ஒரு புள்ளி மூன்று விலகலைத் தாண்டினால் நிறுத்து. அடுத்தடுத்து இரண்டு புள்ளிகள் ஒரே பக்கம் இரண்டைத் தாண்டினால் நிறுத்து. ஒரு கன்ட்ரோல் மேலே இரண்டையும் மற்றொன்று கீழே இரண்டையும் தாண்டினால் நிறுத்து. பத்துப் புள்ளிகள் தொடர்ந்து சராசரிக்கு ஒரே பக்கம் விழுந்தால், எல்லைக்குள் இருந்தாலும் காரணம் தேடு.

இரண்டு விலகலை ஒருமுறை தாண்டியதற்கெல்லாம் நிறுத்த வேண்டாம். இரண்டு கன்ட்ரோல் ஓட்டும் லேப்பில் ஒன்றும் கெடாமலே சுமார் 9 சதவீத நாட்களில் இது நடக்கும். ஆனால் 'உள்ளே வரும் வரை' திரும்பத் திரும்ப ஓட்டுவது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது. காரணம் தேடும் ஒழுங்கு இது: ஒரே ஒரு டெஸ்ட் மட்டும் தவறினால் அந்த ரீஏஜென்ட் அல்லது ஸ்டாண்டர்டு. எல்லா டெஸ்ட்டும் தவறினால் கன்ட்ரோல் கரைத்தது, பிப்பெட், வெப்பநிலை, தண்ணீர், ஃப்ளோசெல். 340-ல் படிப்பவை மட்டும் தவறினால் விளக்கு அல்லது ஃபில்டர்: ஹாலஜன் விளக்கு கிழமாகும்போது முதலில் சோர்வது புற ஊதாப் பக்கம்தான். உயர் அளவுக் கன்ட்ரோல் மட்டும் இறங்கினால் ரீஏஜென்ட் வலுவிழந்துவிட்டது. புள்ளிகள் மேலும் கீழும் சிதறினால் ஃப்ளோசெல்லில் குமிழி, அல்லது கை. ஒரு நாளில் திடீரென்று படி ஏறியதைப் போல மாறியிருந்தால், அன்று எந்த லாட் (தயாரிப்புத் தொகுதி) திறக்கப்பட்டது என்று பதிவேட்டைப் பாருங்கள். ஆகவே ஒவ்வொரு பாட்டிலிலும் திறந்த தேதி, லாட் எண் எழுதியாக வேண்டும்.

செல் கவுன்ட்டரில் மெஷின் கொடுக்கும் எண்களுக்குள்ளேயே சோதனை இருக்கிறது. ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கினால் ஹீமட்டோக்ரிட்டுக்கு (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) பக்கத்தில் வர வேண்டும்: 12 என்றால் 36. எம்சிஹெச்சி (சிவப்பணுக்களுக்குள் ஹீமோகுளோபினின் செறிவு) 36-ஐத் தாண்டினால் கொழுப்பு மிதக்கும் ரத்தமா, குளிரில் அணுக்கள் ஒட்டிக்கொண்டனவா என்று பாருங்கள். ஒட்டியிருந்தால் குழாயை 37 டிகிரியில் வைத்து மீண்டும் ஓட்டினால் சரியாகும். தட்டணு (பிளேட்லெட்) குறைவாக வந்த எந்த ரிப்போர்ட்டும் ஸ்மியர் பார்க்காமல் வெளியே போகக் கூடாது. சிலரின் ரத்தத்தில் இடிடிஏ பட்டாலே தட்டணுக்கள் கொத்துக் கொத்தாகும், மெஷின் அவற்றை எண்ணாது. சிட்ரேட் குழாயில் மறுபடி எடுத்து ஓட்டி, வரும் எண்ணை 1.1 ஆல் பெருக்குங்கள். மாறாக, நுண்ணிய சிவப்பணுக்கள் நிறைந்த ரத்தத்தில் மெஷின் அவற்றைத் தட்டணுவாக எண்ணி ஏற்றிச் சொல்லும். குழாயை எட்டுப் பத்து முறை மெதுவாகத் தலைகீழாக்கிக் கலக்காமல் ஓட்டுவதுதான் மற்ற பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம்.

லேப்பைத் திறந்த முதல் நாளே ரிப்போர்ட் கொடுக்கத் தொடங்காதீர்கள். ஒரே மாதிரியை இருபது முறை ஓட்டிச் சிதறலைப் பாருங்கள். குறைவு, இயல்பு, அதிகம் என்று பரவிய இருபது நோயாளி மாதிரிகளைப் பிரித்து, நம்பகமான பெரிய லேப் ஒன்றுக்கும் அனுப்பி ஒப்பிடுங்கள். ரிப்போர்ட்டில் அச்சிடப்போகும் இயல்பு எல்லையை ஆரோக்கியமான இருபது பேரிடம் சோதியுங்கள், இரண்டு பேருக்கு மேல் வெளியே விழுந்தால் அந்த எல்லை உங்கள் முறைக்குப் பொருந்தவில்லை. அதன் பிறகு வெளித் தர மதிப்பீட்டுத் திட்டம் ஒன்றில் சேருங்கள். தினசரிக் கன்ட்ரோல் நீங்கள் நேற்றைப் போலவே இன்றும் இருக்கிறீர்களா என்பதைத்தான் சொல்லும். நேற்றே தவறாக இருந்ததா என்பதை வெளியில் இருப்பவர்தான் சொல்ல முடியும்.

ரிப்போர்ட்டுக்கு முன் லேபிள். நோயாளியைப் பெயர் சொல்லச் சொல்லி, இரண்டாவது அடையாளத்தையும் சரிபார்த்து, ரத்தம் எடுத்தவுடன் அவர் முன்னாலேயே குழாயில் ஒட்ட வேண்டும். முன்கூட்டியே எழுதி வரிசையாக அடுக்கி வைத்த குழாய்கள்தான் ஆள் மாறுவதற்கு மூலம். ஆபத்து எல்லைகளை நீங்களே எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: சர்க்கரை 50-க்குக் கீழ் அல்லது 450-க்கு மேல், ஹீமோகுளோபின் 7-க்குக் கீழ், தட்டணு 20,000-க்குக் கீழ் என்பதுபோல. அந்த எண் வந்தால் டெக்னீஷியன் உடனே உங்களிடம் சொல்ல, நீங்கள் திருப்பிச் சொல்ல, நேரம் எழுதப்பட வேண்டும்.

பாதுகாப்பு சுருக்கமாக: ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடக் கூடாது, ஊசிப் பெட்டி முக்கால் நிறைந்தால் மூடி அனுப்புங்கள். 5 சதவீத ஹைப்போகுளோரைட்டைப் பத்து மடங்காக நீர்த்துத் தினமும் புதிதாகத் தயாரியுங்கள், அமிலத்தோடு கலந்தால் குளோரின் வாயு வரும். சோடியம் அசைடு உள்ள ரீஏஜென்ட்டைச் சிங்கில் கொட்டினால் செம்பு, ஈயக் குழாய்களில் வெடிக்கும் உப்பு படியும். ஊழியருக்கு ஹெப்படைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும், எதிர்ப்பொருள் 10 mIU/mL-ஐத் தொட்டதா என்ற சோதனையும் கட்டாயம். ஊசி குத்தினால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, அன்றே மருத்துவ ஆலோசனை. எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணிக்குள், முடிந்தால் முதல் சில மணி நேரத்திலேயே தொடங்க வேண்டும்.

கடைசியாக ஒப்பந்தம். மெஷின் இலவசம், ரீஏஜென்ட் மட்டும் எங்களிடம் வாங்குங்கள் என்று வந்தால் ஐந்து விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: மாதக் குறைந்தபட்சக் கொள்முதல் எவ்வளவு, அது கன்ட்ரோல் ஓட்டங்களையும் சேர்த்தா, வேறு நிறுவன ரீஏஜென்ட் ஓடுமா, பழுதானால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார், விளக்கு, குழாய், ஃப்ளோசெல் யார் செலவு. எந்த மெஷினும் ஒரு நாள் நிற்கும். அன்றைக்கு மாதிரிகளைப் பிரித்து எந்த லேப்புக்கு, யார் கையில், எந்தக் குளிர்ப்பெட்டியில் அனுப்புவது என்ற ஏற்பாட்டை லேப் திறப்பதற்கு முன்பே செய்து, டெக்னீஷியனின் மேடைக்கு மேலே எழுதி ஒட்டிவிடுங்கள்.